ஜிசிசிய சோர்ஸ்லருந்து பில்ட் பண்ணும்போது சிஸ்டம் ஹெடர் எங்க இருக்குன்னு ஒழுங்கா சொல்லிக் குடுக்குறது எப்படி

திருப்பரங்குன்றம் பக்கம், அழகர்கோயில் ரோடு, வடபழஞ்சின்னு நம்ம மதுரைய சுத்தி இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்க நெறைய பேரு இப்ப ராஸ்பெர்ரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டு வச்சு ப்ராஜெக்ட் பண்றாங்க, அதுக்கு கிராஸ் கம்பைலர், அதாவது நம்ம மெஷின்ல ஓடி வேற வகை மெஷினுக்கு ப்ரோக்ராம் கட்டுற கம்பைலர் வேணும். இன்னொரு கூட்டம் லேப் மெஷின்ல ரூட் பாஸ்வேர்டு கெடைக்காம ஹோம் டைரக்டரிக்குள்ளயே புது ஜிசிசி (சி, சி++ கம்பைலர்) போட்டுக்கலாம்னு இறங்குறவங்க. ரெண்டு கூட்டமும் வந்து முட்டிக்கிட்டு நிக்கிறது ஒரே எடத்துலதான், "ண்ணே கான்ஃபிகர் நல்லா முடிஞ்சுச்சு, மேக் பாதில நின்னுருச்சு, எஸ்டிடிஐஓ.ஹெச் இல்லங்குது"ன்னு. கான்ஃபிகர்ங்கறது பில்டுக்கு முன்னாடி ஆப்ஷன் எல்லாம் குடுத்து ஓட்டுற ஸ்க்ரிப்ட், மேக்ங்கறது நெஜமா பில்ட் பண்ற கமாண்ட், .ஹெச்-ல முடியுறது ஹெடர், ப்ரோக்ராம் இன்க்லூட் போட்டு உள்ள இழுக்குற ஃபைல். அதுக்குத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. கமாண்ட் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலதான் போட்டிருக்கேன், டெர்மினல்ல அதோட இங்கிலீஷ் எழுத்த அடிச்சுக்கோங்க.

மொதல்ல கம்பைலர் ஹெடர எப்படி தேடுதுன்னு தெரியணும். மீனாட்சி அம்மன் கோயில சுத்தி உள்ள ஆடி வீதி, அடுத்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, அதுக்கும் வெளிய வெளி வீதின்னு வரிசையா இருக்குல்ல, அதே மாதிரிதான் இதுவும் உள்ளருந்து கெளம்பி வீதி வீதியா வெளிய வந்துக்கிட்டே தேடும். கேட்ட பேரு சித்திரை வீதிலயே கெடைச்சுருச்சுன்னா அதோட நின்னுரும், மாசி வீதில அதே பேர்ல இன்னொண்ணு இருந்தாலும் எட்டிக்கூட பாக்காது. இன்க்லூட்_நெக்ஸ்ட்னு ஒரு டைரக்டிவ் இருக்கு, அது "நான் இப்ப நிக்கிற வீதிய விட்டுட்டு அடுத்த வீதிலருந்து தேடு"ன்னு சொல்றது, ஜிசிசியோட சொந்த ஹெடர்ங்க இதை வச்சுத்தான் சிஸ்டம் ஹெடர கூப்பிடும். அதனால எந்த டைரக்டரிங்கறது மட்டும் இல்ல, எந்த வரிசைலங்கறதும் முக்கியம், வரிசை மாறுனாலே பில்ட் காலி.

இப்ப உங்க மெஷின்ல இருக்கிற கம்பைலர்கிட்டயே கேட்டுருங்க, யூகமே பண்ணாதீங்க.

ஜிசிசி -ஈ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்

ஈ மட்டும் பெரிய எழுத்து. உபுண்டு 24.04-ல இருக்கிற ஜிசிசி 13-ல கேட்டா நடுவுல இந்த நாலு வரி வரும்:

/யூஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ/13/இன்க்லூட்
/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்லூட்
/யூஎஸ்ஆர்/இன்க்லூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ
/யூஎஸ்ஆர்/இன்க்லூட்

மொதல் வரி ஜிசிசியோட சொந்த வீடு, எஸ்டிடிஆர்க்.ஹெச், எஸ்டிடிடெஃப்.ஹெச் எல்லாம் அங்கதான். ரெண்டாவது நீங்களா இன்ஸ்டால் பண்ற லைப்ரரிங்களுக்கு. மூணாவது டெபியன் குடும்பத்துக்கே (உபுண்டுவும் அதுலதான்) உரிய மல்டிஆர்ச் டைரக்டரி, அதாவது ஒவ்வொரு ப்ராசஸர் வகைக்கும் தனியா வைக்கிறது, பிட்ஸ், சிஸ், க்னூ மாதிரி ஃபோல்டருங்க அங்கிட்டுதான் கிடக்கும். நாலாவதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச எடம். அதே அவுட்புட்ல "கான்ஃபிகர்டு வித்"னு ஒரு நீள வரி இருக்கும், உபுண்டுக்காரங்க என்னென்ன ஆப்ஷன் குடுத்து பில்ட் பண்ணாங்கன்னு அப்படியே தெரியும், காப்பி பண்ணி வச்சுக்கோங்க, பின்னாடி சந்தேகம் வந்தா அதை வச்சு ஒப்பிட்டு பாக்கலாம்.

அடுத்து ரொம்ப முக்கியமான விஷயம், இதுலதான் முக்காவாசி பேரு கொழம்புறாங்க. ஜிசிசி பில்ட்ல ஹெடர் ரெண்டு வேற வேற நேரத்துல தேவைப்படுது. ஒண்ணு, பில்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ மாதிரி டார்கெட் லைப்ரரிங்கள, அதாவது ப்ரோக்ராம் ஓடப்போற மெஷினுக்கான லைப்ரரிங்கள, கம்பைல் பண்றதுக்கு. இன்னொண்ணு, எல்லாம் முடிஞ்சு இன்ஸ்டால் ஆனப்புறம் நீங்க உங்க ப்ரோக்ராம கம்பைல் பண்ணும்போது. நேட்டிவ் பில்ட்ல, அதாவது பில்ட் பண்ற மெஷினுக்கே கட்டும்போது, ரெண்டும் ஒரே எடம், அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியறதில்ல. கிராஸ் பில்ட்லயும், தனியா ஒதுக்கி வச்ச பில்ட்லயும்தான் ரெண்டும் பிரியும். எந்த ஆப்ஷன பாத்தாலும் "இது எந்த நேரத்துக்கு"ன்னு ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, பாதி கொழப்பம் அங்கயே தீந்துரும்.

லேப் மெஷின்ல, அதே மெஷினுக்கு, ஹோம் டைரக்டரிக்குள்ள ஜிசிசி 14 போடுற சாதாரண கேஸ எடுத்துக்குவோம். சோர்ஸ விரிச்சு அதுக்குள்ள இருக்கிற கான்ட்ரிப்/டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ் ஸ்க்ரிப்ட ஓட்டுனா ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசின்னு ஜிசிசிக்கு வேண்டிய கணக்கு லைப்ரரிங்க எல்லாம் தானா வந்துரும், அதுக்கு ரூட் வேண்டாம். சோர்ஸ் டைரக்டரிக்குள்ளயே நின்னு கான்ஃபிகர் பண்ணாதீங்க, வெளிய தனியா ஒரு பில்ட் டைரக்டரி போட்டு அங்கிருந்து கூப்பிடுங்க, ஜிசிசி டாக்குமென்டேஷனே இதைத்தான் அழுத்திச் சொல்லுது.

../ஜிசிசி-14.2.0/கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/ஜிசிசி14 --எனேபிள்-லாங்குவேஜஸ்=சி,சி++ --டிசேபிள்-மல்டிலிப்

அம்புட்டுதான். ப்ரிஃபிக்ஸ்ங்கறது கம்பைலர் இன்ஸ்டால் ஆகப்போற எடம். ஹெடருக்குன்னு ஒரு ஆப்ஷன் கூட குடுக்கல பாருங்க, நேட்டிவ் பில்ட்ல குடுக்கவும் தேவையில்ல, அது /யூஎஸ்ஆர்/இன்க்லூட்டையும் மல்டிஆர்ச் டைரக்டரியையும் தானா கண்டுபிடிச்சுரும். கடைசில இருக்கிற டிசேபிள்-மல்டிலிப் எதுக்குன்னா, 64 பிட் மெஷின்ல ஜிசிசி 32 பிட் லைப்ரரியையும் சேத்து கட்டப் பாக்கும், உங்க மெஷின்ல 32 பிட் சி லைப்ரரி ஹெடர் இருக்காது, 32 பிட் லைப்ரரி இல்ல போலிருக்குன்னு சொல்லி கான்ஃபிகரே நின்னுரும். 32 பிட்டும் கட்டாயம் வேணும்னா உபுண்டுல லிப்சி6-டெவ்-ஐ386 பேக்கேஜ் போடச் சொல்லுங்க. அது வேண்டாங்கறவங்க இந்த ஆப்ஷன் ஒண்ண போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

--வித்-லோக்கல்-ப்ரிஃபிக்ஸ்னு ஒண்ணு கண்ணுல படும், அதுக்கு சிலபேரு /யூஎஸ்ஆர்னு குடுத்து வைக்கிறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அது /யூஎஸ்ஆர்/லோக்கலுக்கு பதிலா வேற எடம் வேணும்னா குடுக்குறது. அங்க சிஸ்டம் ஹெடர் இருக்கவே கூடாது, ஏன்னா ஜிசிசி பில்ட் ஆகும்போது ஃபிக்ஸ்இன்க்லூட்ஸ்னு ஒரு வேலை நடக்கும், சிஸ்டம் ஹெடர்ல இருக்கிற பழைய தப்புங்கள சரிபண்ணி இன்க்லூட்-ஃபிக்ஸ்ட்னு தனி டைரக்டரில வைக்கும். தேடுற வரிசைல லோக்கல் ப்ரிஃபிக்ஸ் அதுக்கு முன்னாடி வரும். அங்கயே சிஸ்டம் ஹெடர வச்சுட்டா சரிபண்ண ஹெடரு பக்கம் யாருமே போக மாட்டாங்க, தப்பான ஹெடரே ஜெயிச்சுரும்.

கான்ஃபிகர் பண்றதுக்கு முன்னாடி இன்னொரு வேலை, சிபாத், சி_இன்க்லூட்_பாத், சிப்ளஸ்_இன்க்லூட்_பாத், லைப்ரரி_பாத் நாலு என்விரான்மென்ட் வேரியபிளையும் அன்செட் பண்ணிருங்க. லேப்ல முன்னாடி யாராவது பேஷ்ஆர்சி-ல (டெர்மினல் தெறக்கும்போது ஓடுற ஃபைல்) "எக்ஸ்போர்ட் சிபாத்=$சிபாத்:/ஏதோ/ஒண்ணு"ன்னு எழுதி வச்சிருப்பாங்க, சிபாத் ஏற்கனவே காலியா இருந்தா அது கோலன்ல ஆரம்பிக்கிற ஒரு லிஸ்ட்டா மாறிரும், கோலனுக்கு முன்னாடி இருக்கிற அந்த காலி எடத்த கம்பைலர் "இப்ப நிக்கிற டைரக்டரி"ன்னு எடுத்துக்கும். ஜிசிசி பில்ட் நூத்துக்கணக்கான டைரக்டரிக்குள்ள போய் போய் வருது, ஒவ்வொரு எடத்துலயும் வேற ஏதாவது ஒரு ஹெடர் மாட்டிக்கும், எர்ரர பாத்தா தலையும் புரியாது வாலும் புரியாது. அதே மாதிரி சி++ கம்பைலருக்கு ஆப்ஷன் குடுக்குற சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ்ல -ஐசிஸ்டம் /யூஎஸ்ஆர்/இன்க்லூட்னு போடாதீங்க. அப்படி போட்டா அந்த டைரக்டரி வரிசைல முன்னுக்கு வந்துரும், சி++ ஓட சிஎஸ்டிடிலிப் உள்ளருந்து இன்க்லூட்_நெக்ஸ்ட் போட்டு எஸ்டிடிலிப்.ஹெச்ச கேக்கும்போது அதுக்கு பின்னாடி எந்த வீதிலயும் அது இருக்காது, ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும்போதே இல்லன்னு சொல்லும். ஜிசிசி 6-லருந்து இந்த பிரச்சினை இருக்கு.

இனி கிராஸ் கம்பைலர். இங்கதான் சிஸ்ரூட்ங்கற வார்த்தை வருது. டார்கெட் மெஷினோட ரூட் ஃபைல்சிஸ்டத்துல நமக்கு வேண்டிய பகுதிய மட்டும், அதாவது ஹெடர், லைப்ரரி, சிஆர்டி1.ஓ மாதிரி ஸ்டார்ட்டப் ஆப்ஜெக்ட்ங்கள நம்ம மெஷின்ல ஒரு ஃபோல்டருக்குள்ள அதே அமைப்போட வச்சுக்கிறதுதான் சிஸ்ரூட். ராஸ்பெர்ரி பை கையில இருந்தா ஆர்சிங்க்ங்கற காப்பி கமாண்ட் போட்டு அதோட /யூஎஸ்ஆர்/இன்க்லூட், /யூஎஸ்ஆர்/லிப், /லிப் மூணையும் இழுத்துருங்க. பை இன்னும் வாங்கலன்னா அந்த ஆர்கிடெக்சரோட டெபியன் பேக்கேஜ் லிப்சி6, லிப்சி6-டெவ், லினக்ஸ்-லிப்சி-டெவ் மூணையும் டவுன்லோட் பண்ணி டிபிகேஜி-டெப் -எக்ஸ்னு போட்டு ஒரே ஃபோல்டருக்குள்ள விரிச்சுக்கலாம், இதுக்கும் ரூட் தேவையில்ல. லினக்ஸ்-லிப்சி-டெவ்வ விட்டுறாதீங்க, கெர்னல் ஹெடர் அதுலதான் இருக்கு, அது இல்லன்னா லினக்ஸ்/லிமிட்ஸ்.ஹெச் இல்லன்னு வரும்.

பைலருந்து இழுத்துட்டு வந்தா ஒரு இடைஞ்சல் இருக்கு. அதுல சில சிம்லிங்க் (வேற ஃபைல காட்டுற குறுக்குவழி) முழு பாத்தோட, /லிப்-னு ஆரம்பிச்சு எழுதிருக்கும். நம்ம மெஷினுக்கு வந்தப்புறம் அது நம்ம மெஷினோட /லிப்ப காட்டும், அங்க பையோட ஏஆர்எம் ப்ராசஸருக்கான லைப்ரரி ஏது? சிம்லிங்க்ஸ்னு ஒரு சின்ன டூல் இருக்கு, இழுக்குறதுக்கு முன்னாடி அதை பைலயே ஓட்டி எல்லாத்தையும் ரிலேட்டிவா மாத்திக்கோங்க.

சிஸ்ரூட்ட எங்க வைக்கிறதுங்கறதுல என் கருத்து ஒண்ணுதான், ப்ரிஃபிக்ஸுக்கு உள்ளயே வைங்க. ப்ரிஃபிக்ஸ் $ஹோம்/பைகிராஸ்னா சிஸ்ரூட் $ஹோம்/பைகிராஸ்/சிஸ்ரூட். அப்படி உள்ள இருந்தா நாளைக்கு மொத்த ஃபோல்டரையும் வேற மெஷினுக்கு தூக்கிட்டு போனாலும் ஜிசிசி தன்னோட பைனரி இருக்கிற எடத்த வச்சு சிஸ்ரூட்ட கண்டுபிடிச்சுக்கும். வெளிய வச்சா அந்த முழு பாத் கம்பைலருக்குள்ள பதிஞ்சுரும், தூக்குனா போச்சு.

மொதல்ல பின்யூட்டில்ஸ் (அசெம்ப்ளர், லிங்கர் இருக்கிற பேக்கேஜ்), அப்புறம் ஜிசிசி, ரெண்டுக்கும் ஒரே டார்கெட், ஒரே ப்ரிஃபிக்ஸ், ஒரே சிஸ்ரூட். ஜிசிசிக்கு இப்படி:

../ஜிசிசி-14.2.0/கான்ஃபிகர் --டார்கெட்=ஆர்ச்64-லினக்ஸ்-க்னூ --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/பைகிராஸ் --வித்-சிஸ்ரூட்=$ஹோம்/பைகிராஸ்/சிஸ்ரூட் --எனேபிள்-மல்டிஆர்ச் --எனேபிள்-லாங்குவேஜஸ்=சி,சி++

டார்கெட் பேரு இங்கிலீஷ்ல ரெண்டு ஏ-ல ஆரம்பிக்கும், பாத்து அடிங்க. எனேபிள்-மல்டிஆர்ச் ஏன்னா ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸும் டெபியன் குடும்பம்தான், அதுலயும் பாதி ஹெடர் /யூஎஸ்ஆர்/இன்க்லூட்/ஆர்ச்64-லினக்ஸ்-க்னூக்குள்ள இருக்கு. இத விட்டா ஜிசிசி சிஸ்ரூட்டுக்குள்ள பாத்து தானா முடிவு பண்ணும், அது மல்டிஆர்ச்ச கண்டுபிடிக்காம போனா எஸ்டிடிஐஓ.ஹெச் கெடைக்கும், அது உள்ள கேக்குற பிட்ஸ்/லிப்சி-ஹெடர்-ஸ்டார்ட்.ஹெச் கெடைக்காது. எர்ரர்ல "பிட்ஸ்/"னு ஆரம்பிக்கிற ஃபைல் இல்லன்னு வந்தா கண்ண மூடிட்டு மல்டிஆர்ச் டைரக்டரியத்தான் மொதல்ல சந்தேகப்படணும்.

--வித்-பில்ட்-சிஸ்ரூட் எப்ப? கம்பைலர் கடைசில லேப் முழுக்க /ஆப்ட்-க்குள்ள போகப்போவுது, சிஸ்ரூட்டும் அங்கதான் இருக்கும், ஆனா இப்ப பில்ட் பண்ற நேரத்துல உங்க ஹோம்ல இருக்குன்னு வைங்க. அப்ப வித்-சிஸ்ரூட்டுக்கு /ஆப்ட் பாத்தும், வித்-பில்ட்-சிஸ்ரூட்டுக்கு ஹோம் பாத்தும் குடுக்கணும். டார்கெட் லைப்ரரி கட்டுற நேரத்துக்கு மட்டும்தான் ரெண்டாவது, முன்னாடி சொன்ன ரெண்டு நேரம் இங்கதான் பிரியுது. வித்-சிஸ்ரூட் இல்லாம இதை மட்டும் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

--வித்-நேட்டிவ்-சிஸ்டம்-ஹெடர்-டிர், பேரு பெருசு, வேலை சின்னது. ஹெடர் /யூஎஸ்ஆர்/இன்க்லூட்ல இல்லாம வேற பேர்ல இருந்தா இதுல சொல்லணும். இதுக்கு குடுக்குற பாத் ஸ்லாஷ்ல ஆரம்பிக்கணும், இல்லன்னா கான்ஃபிகரே ஒத்துக்காது. ஆனா சிஸ்ரூட்டும் சேத்து குடுத்தா அந்த பாத்த சிஸ்ரூட்டுக்கு உள்ள வச்சுத்தான் தேடும். சிஸ்ரூட் /ஹோம்/மீனா/ரூட், ஹெடர் /ஹோம்/மீனா/ரூட்/இன்க்லூட்ல இருக்குன்னா, குடுக்க வேண்டியது வெறும் /இன்க்லூட். முழு பாத்தையும் குடுத்தா /ஹோம்/மீனா/ரூட்/ஹோம்/மீனா/ரூட்/இன்க்லூட்னு ஒட்டிக்கிட்டு போய் தேடும், "சிஸ்டம் ஹெடர் இருக்க வேண்டிய டைரக்டரி இல்ல"ன்னு மேக் நின்னுரும். அந்த மெசேஜ்ல பாத்தையும் காட்டும், பாத் ரெட்டையா இருக்கான்னு பாத்தாலே காரணம் புரிஞ்சுரும். இந்த ஆப்ஷன் ஹெடருக்கு மட்டும், லைப்ரரி எப்பவும் போல சிஸ்ரூட்டோட லிப், யூஎஸ்ஆர்/லிப்-லதான் இருக்கணும்.

இப்ப சொல்லப்போறத நிதானமா படிங்க, ஏன்னா இதுல பில்ட் நிக்காது, எல்லாம் நல்லா முடிஞ்ச மாதிரி இருக்கும், வேற எங்கயோ போய் வெடிக்கும். லிமிட்ஸ்.ஹெச்னு ஒரு ஹெடர், ஜிசிசிக்கும் சொந்தமா ஒண்ணு உண்டு, சிஸ்டத்துக்கும் ஒண்ணு உண்டு. பில்ட் பண்ற நேரத்துல சிஸ்டம் ஹெடர் டைரக்டரில லிமிட்ஸ்.ஹெச் இருக்கான்னு ஜிசிசி எட்டிப் பாக்கும். இருந்தா, சிஸ்டத்தோடதையும் கூப்பிடுற மாதிரி மூணு துண்ட, லிமிட்எக்ஸ்.ஹெச், ஜிலிமிட்ஸ்.ஹெச், லிமிட்ஒய்.ஹெச், ஒட்டி தன்னோடத செய்யும். இல்லன்னா நடுத்துண்டு மட்டும்தான், சிஸ்டத்தோடத கூப்பிடவே கூப்பிடாது. சிஸ்ரூட் காலியா இருக்கும்போது ஜிசிசிய கட்டிட்டு அப்புறம் ஹெடர கொண்டுவந்து போட்டா இதுதான் நடக்கும். அதுக்கப்புறம் பெரிய ப்ரோக்ராம் ஏதாவது கம்பைல் பண்ணா பாத்_மேக்ஸ் டிஃபைன் ஆகலங்கும், இல்லன்னா "அஸ்யூம்டு வேல்யூ ஆஃப் எம்பி_லென்_மேக்ஸ் ராங்"னு வரும், ஏன்னா ஜிசிசியோட துண்டுல அது 1, ஜிலிப்சிக்கு (லினக்ஸோட சி லைப்ரரி) 16. இந்த ரெண்டு மெசேஜ்ல எதை பாத்தாலும் நேரா ஜிசிசியோட சொந்த லிமிட்ஸ்.ஹெச்ச தெறந்து பாருங்க, புது வெர்ஷன்ல இன்க்லூட்ல இருக்கும், பழசுல இன்க்லூட்-ஃபிக்ஸ்ட்ல இருக்கும். சோர்ஸோட ஜிசிசி ஃபோல்டர்ல இருக்கிற அந்த மூணு துண்டையும் அதே வரிசைல கேட் கமாண்ட் போட்டு ஒட்டி அந்த எடத்துல வச்சா சரியாயிரும், மறுபடி மொத்தத்தையும் பில்ட் பண்ண வேண்டாம்.

ஹெடரும் சி லைப்ரரியும் ஒரே வெர்ஷனா இருக்கணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஜிலிப்சி 2.38-லருந்து, ஹெடர்ல எஸ்டிஆர்டோல் ஃபங்ஷன அடில __ஐசோசி23_எஸ்டிஆர்டோல்னு வேற பேருக்கு திருப்பி விடுறாங்க, சி++ல சும்மாவே அது நடக்கும். உபுண்டு 24.04-ல ஜிலிப்சி 2.39, பைல டெபியன் புக்வார்ம் வெர்ஷன் இருந்தா 2.36. பைக்கு வேணுங்கற ஹெடர் இல்லன்னு நம்ம மெஷினோட ஹெடர சிஸ்ரூட்டுக்குள்ள காப்பி பண்ணி போட்டீங்கன்னா கம்பைல் ஆகும், லிங்க் பண்ணும்போது அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லன்னு நிக்கும், ஏன்னா 2.36 லைப்ரரிக்கு அந்தப் பேரே தெரியாது. கோடுல நீங்க எழுதுனது என்னமோ எஸ்டிஆர்டோல்தான். அதனால ஹெடர் எந்த மெஷின்லருந்து வந்துச்சோ லைப்ரரியும் அங்கருந்துதான் வரணும், கலக்கவே கூடாது.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2018-ல வந்த மொஹாவிலருந்து அங்க /யூஎஸ்ஆர்/இன்க்லூட்டே கிடையாது, ஹெடர் ஆப்பிளோட டெவலப்பர் பேக்கேஜான எஸ்டிகே-க்குள்ள இருக்கு. எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத் போட்டு வர்ற பாத்த வித்-சிஸ்ரூட்டுக்கு குடுத்துருங்க. கிளாங்ங்கற இன்னொரு கம்பைலர பில்ட் பண்றவங்க அதோட பில்ட் டூலான சிமேக்ல டிஃபால்ட்_சிஸ்ரூட், சி_இன்க்லூட்_டிர்ஸ் ரெண்டையும் பாருங்க, ரெண்டாவதுல பல டைரக்டரி குடுக்கணும்னா நடுவுல கோலன்.

ஆப்ஷன் எதையாவது மாத்துனீங்கன்னா பழைய பில்ட் டைரக்டரிலயே மறுபடி கான்ஃபிகர் ஓட்டாதீங்க, பழைய முடிவுங்க உள்ள தங்கிரும். டைரக்டரிய அழிச்சுட்டு புதுசா ஆரம்பிங்க. பில்ட் சாதாரண லேப்டாப்ல மணிக்கணக்கா ஓடும், நேட்டிவ்ல மூணு ஸ்டேஜ் போய் ரெண்டாவதையும் மூணாவதையும் ஒப்பிட்டு பாத்துத்தான் முடியும். அதனால உங்க ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்பு கரண்ட் கட் என்னைக்குன்னு பாத்துட்டு ஆரம்பிங்க, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்னா முக்கியமா. நடுவுல கரண்ட் போயிட்டா மேக் விட்ட எடத்துலருந்து தொடரும், ஆனா பாதி எழுதுன ஆப்ஜெக்ட் ஃபைல் ஜீரோ பைட்ல கிடக்க வாய்ப்பு இருக்கு, ஃபைண்ட் போட்டு ஜீரோ சைஸ் .ஓ ஃபைல எல்லாம் அழிச்சுட்டு மேக் குடுங்க.

இன்ஸ்டால் முடிஞ்சதும் புது கம்பைலர் பேர போட்டு -பிரிண்ட்-சிஸ்ரூட் கேளுங்க, நீங்க குடுத்த பாத் வரணும். அப்புறம் மேல சொன்ன -ஈ -வி கமாண்ட புது கம்பைலர்லயும் ஓட்டி, வர்ற ஒவ்வொரு வரியும் ப்ரிஃபிக்ஸுக்கு உள்ளயா வெளியயான்னு பாருங்க, கிராஸ் கம்பைலர்ல நம்ம மெஷினோட /யூஎஸ்ஆர்/இன்க்லூட் ஒரு வரி கூட வரக் கூடாது. கடைசியா எஸ்டிடிஐஓ.ஹெச், லிமிட்ஸ்.ஹெச், எஸ்டிடிலிப்.ஹெச் மூணையும் இன்க்லூட் பண்ணி, பாத்_மேக்ஸ பிரிண்ட் பண்ற நாலு வரி ப்ரோக்ராம் ஒண்ணு எழுதி -ஹெச் ஆப்ஷனோட, பெரிய ஹெச், கம்பைல் பண்ணுங்க. எந்தெந்த ஹெடர் எந்த ஃபைல்லருந்து வந்துச்சுன்னு புள்ளி வச்சு அடுக்கி காட்டும், லிமிட்ஸ்.ஹெச் ரெண்டு தடவ வரணும், மொதல்ல ஜிசிசியோடது, அதுக்கு உள்ள சிஸ்ரூட்டோடது. சி++ ப்ரோக்ராம பைக்கு அனுப்புறதுன்னா -ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++ சேத்து லிங்க் பண்ணுங்க, ஏன்னா புக்வார்ம் இருக்கிற பைல உள்ள லிப்எஸ்டிடிசி++ உங்க ஜிசிசி 14-ஐ விட பழசு.